துடிக்கச் சொல்வது யார்?

கையை உயர்த்த நினைத்தால் கை உயர்கிறது. போதுமென்று நினைத்தால் தாழ்கிறது. மூச்சு பாதி நம் வசமும் பாதி தன் வசமுமாக நடப்பது. குளத்தில் முங்கும்போது சற்று நேரம் அதை அடக்கி வைக்கலாம், ஆயினும் எவ்வளவு வைராக்கியம் படைத்தவராலும் வெறும் மன உறுதியைக் கொண்டு மூச்சை ஒரேயடியாக நிறுத்திவிட முடிவதில்லை. இருதயமோ இந்த இரண்டு வகையிலும் சேராதது. தாயின் கருப்பையில் நான்காவது வாரத்தில், கருவுக்குக் கை கால் என்று சொல்லத்தக்க உருவம் ஏற்படுமுன்பே துடிக்கத் தொடங்கிவிடுகிற அது, நிமிஷத்துக்கு 70, 75 தடவை வீதம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல், நாம் விழித்திருந்தாலும் உறங்கினாலும், மயக்க மருந்தின் வசத்தில் அறுவை மேஜைமீது கிடந்தாலும், நம்மை ஒரு வார்த்தை கேளாமலே சுருங்கி விரிந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் அதற்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? மூளையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, நமக்குத் தெரியாமல் வருகிறது என்றுதான் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்காலத்தில் கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் இந்த எண்ணத்தைக் குலைக்கும் காட்சி ஒன்றைக் கண்டிருப்பார்கள். தவளையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் அழித்து, உணர்ச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு மார்பைத் திறந்தால், இருதயத்தின் கீழறை சுருங்குகையில் வெளிறியும், ரத்தம் நிரம்புகையில் சிவந்தும், ஒன்றுமே நடவாததுபோலத் துடித்துக்கொண்டிருக்கும். அதையும் கத்தரியால் வெட்டியெடுத்து, தக்க உப்புகள் கலந்த நீருள்ள கண்ணாடித் தட்டில் இட்டால், நரம்புத் தொடர்பு எல்லாம் அறுந்துபோன அந்தச் சிறு சதைத்துண்டு மணிக்கணக்கில் துடிக்கும். மிருகத்தின் மார்பிலிருந்து எடுக்கப்பட்ட இருதயம் சிறிது நேரம் துடிப்பதைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே காலன் என்னும் கிரேக்க வைத்தியர் கண்டு எழுதியிருக்கிறார். கண்டது அப்போது, காரணம் விளங்கியதோ 1900-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில்.

விடையைத் தேடுமுன், இருதயத்துக்கு வரவேண்டிய உத்தரவு எத்தகையது என்பதை அறிவதற்காக அதன் அமைப்பைச் சற்றே பார்த்துக்கொள்வது நலம். வளர்ந்த மனிதனின் இருதயம் அவன் கைமுஷ்டி அளவினது. எடை சுமார் 300 கிராம். மார்பின் நடுவில், முனை இடப்புறம் சாய்ந்தவண்ணம் அமைந்திருக்கிறது. ஒன்று எனப்பட்டாலும் அதில் இரண்டு இறைப்பான்கள் ஒட்டியிருக்கின்றன: உடம்பெங்கும் உபயோகப்பட்டுத் திரும்பிய ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புவது வலப்பக்கம், அங்கே பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு வருகிற ரத்தத்தை உடம்பு முழுவதற்கும் செலுத்துவது இடப்பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் மேலறை ஒன்றும், அதை உந்தி வெளியேற்றும் கீழறை ஒன்றும் உண்டு. பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்பினால் போதுமென்பதால் வலக் கீழறையின் சுவர் மெல்லியது. உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டியிருப்பதால் இடக் கீழறையின் சுவர் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்தது. அறைகளின் வாசல்களில் உள்ள நான்கு வால்வுகளும் ரத்தத்தின் அழுத்தத்தினாலேயே திறந்து மூடுகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது எழுவது வைத்தியர் காதுக்குக் கேட்கும் முதல் ஒலி. கீழறைகளிலிருந்து வெளியேறும் வழியிலுள்ள வால்வுகள் மூடும்போது எழுவது இரண்டாம் ஒலி.

இப்படி ரத்தம் திரும்பத் திரும்பச் சுழன்று வருகிறது என்பதை 1628-ல் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹார்வி நிலைநாட்டிய விதம் எளிமையும் கம்பீரமும் வாய்ந்தது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் எவ்வளவு குறைவென்று வைத்துக்கொண்டாலும், அரைமணி நேரத்துத் துடிப்புகளின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கினால் வருகிற அளவு, உடம்பிலுள்ள ரத்தம் முழுவதையும் மிஞ்சிவிடுகிறது. உண்ணும் ஆகாரத்திலிருந்து அவ்வளவு ரத்தம் உடனுக்குடன் உற்பத்தியாக முடியாது. ஆகையால் போன ரத்தமே திரும்பி வந்தாக வேண்டும் என்று அவர் வாதித்தார். ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி லிட்டர், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் என்பது இன்றைய கணக்கு. நம் உடம்பிலுள்ள மொத்த ரத்தமே அவ்வளவுதான்.

நிற்க, உத்தரவுக்கு வருவோம். மேலறைகள் முதலில் சுருங்கி, தம்மிடமுள்ள ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ள வேண்டும். அவை நிரம்புவதற்கு ஒரு சிறிய அவகாசம் வேண்டும். பிறகு கீழறைகள் சுருங்க வேண்டும். அதிலும், ரத்தம் வெளியேறும் வாசல் மேற்புறத்தில் இருப்பதால், சுருக்கம் கீழ்முனைப் பக்கம் தொடங்கி மேல்நோக்கிப் பரவ வேண்டும். நிமிஷத்துக்கு 75 தடவை துடிக்கும் இருதயத்தில் ஒரு சுற்று முழுவதும் 0.8 வினாடியில் முடிகிறது. அதில் கீழறைகள் சுருங்கியிருப்பது 0.3 வினாடி, விரிந்திருப்பது 0.5 வினாடி. ஓய்வே அறியாத உறுப்பு என்று இருதயத்தைப் புகழ்வது வழக்கம். உண்மையில் அது உழைக்கும் நேரத்தைவிட ஓய்ந்திருக்கும் நேரம் அதிகம். அதன் தடித்த இடச்சுவருக்கு வேண்டிய ரத்தம், அதற்கென்று ஏற்பட்ட இருதயத் தமனிகள் வழியே பெரும்பாலும் அந்த ஓய்வு வேளையிலேதான் வந்து சேருகிறது. இத்தனை நுட்பமான வரிசைமுறை, கோடிக்கணக்கான தசைச் செல்களுக்கு, வினாடியின் பின்னங்களுக்குள் தவறாமல் எட்ட வேண்டும்.

மூளை அந்த உத்தரவை இடவில்லை என்பது தவளையின் இருதயத்தால் விளங்கிவிட்டது. ஆனால் விவகாரம் அத்துடன் தீரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தவளையின் இருதயத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் அதற்குள்ளேயே நரம்புச் செல்கள் கொத்துக் கொத்தாக இருப்பதைக் கண்டார்கள். துடிப்பை உண்டாக்குபவை அந்த நரம்புச் செல்களே என்று ஒரு கட்சியும், இருதயத் தசைக்கே அந்தச் சக்தி இயல்பாக இருக்கிறது என்று மற்றொரு கட்சியும் பல ஆண்டுகள் வாதிட்டன. நரம்புக் கட்சியாரை அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. லாட நண்டு என்னும் கடல்வாழ் பிராணியின் இருதயம் நரம்புச் செல்களின் தூண்டுதலால்தான் துடிக்கிறது என்பது பின்னால் மெய்யாகவே நிரூபிக்கப்பட்டது. முதுகெலும்புள்ள பிராணிகளின் விஷயத்திலோ அவர்கள் தோற்றார்கள்.

தோற்கடித்த பரிசோதனைகளில் முதலாவதாகச் சொல்லத்தக்கது, ஜெர்மானியரான ஸ்டான்னியஸ் 1852-ல் செய்தது. தவளையின் இருதயத்துக்குள் ரத்தம் வந்து சேரும் இடத்தில் சிரைப்பை என்ற ஒரு சிறிய அறை இருக்கிறது. அதற்கும் மேலறைகளுக்கும் நடுவில் அவர் ஒரு நூலை இறுக்கிக் கட்டினார். சிரைப்பை முன்போலவே துடித்துக்கொண்டிருந்தது. மேலறைகளும் கீழறையும் அப்படியே நின்றுபோயின. கட்டுக்கு அந்தப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று தடைப்பட்டுவிட்டது என்பது இதனால் தெளிவாயிற்று. கேம்பிரிட்ஜில் காஸ்கெல் என்பவர் 1880-க்குப் பிறகு ஆமையின் இருதயத்தை எடுத்துக்கொண்டார். அது மெதுவாகத் துடிப்பதாகையால் அலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதைக் கண்ணாலேயே தொடரலாம். நரம்புகளைத் துண்டிக்கும்படி தசையைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, ஒரு சிறு தசைப்பாலம் மட்டும் மிஞ்சும்படி விட்டாலும் அலை அதன் வழியே கடந்து சென்றது; பாலத்தை இன்னும் குறுக்கினால் அலை தயங்கித் தயங்கிச் சென்றது; மேலும் குறுக்கினால் இரண்டு அலைகளில் ஒன்றுதான் கடந்தது; முடிவில் எதுவுமே கடக்கவில்லை. அலையைக் கொண்டுசெல்வது தசையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் இருதயமும் இதற்கு உடன்பட்டுச் சாட்சி சொல்லுகிறது: அடைவைத்த இரண்டாம் நாளில், எந்த நரம்பும் அதை வந்து எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே, அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதே காலத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர், வெட்டியெடுத்த தவளை இருதயத்தை எந்த நீரில் வைத்தால் நீண்ட நேரம் துடிக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சாதாரண உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துவிட்டால் போதும் என்று 1882-ல் அவருக்குத் தோன்றியது. இருதயம் அதில் நன்றாகவே துடித்தது. பிறகுதான், அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்பட்டதல்ல, ஆய்வுக்கூடத்துக் குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியவந்தது. உண்மையான வடிநீரில் உப்பைக் கரைத்து மறுபடியும் பார்த்தபோது துடிப்பு மெலிந்து நின்றுவிட்டது. லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மிகுந்திருக்கும். வடிநீரில் அது அறவே இல்லை. கால்சியத்தைச் சேர்த்ததும் துடிப்பு மீண்டது. முதலில் எழுதியதைத் திருத்தி 1883-ல் அவர் மறுபடியும் எழுதினார். தசை சுருங்குவதற்கே கால்சியம் இன்றியமையாதது என்ற அடிப்படை உண்மை உலகத்துக்குக் கிடைத்தது இந்தத் திருத்தத்தினால்தான். சோதனையில் நேர்ந்த பிசகை மறைக்காமல் அதன் காரணத்தைத் துருவிப் பார்த்த அவருடைய நேர்மையை விஞ்ஞானம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தசைக்கே துடிப்பு இயல்பு என்றால், அது எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த வழியே போகிறது? போஹீமியா தேசத்துப் புர்க்கின்யே ஆட்டின் கீழறைச் சுவரின் உட்புறத்தில் வலைபோன்ற விசித்திரமான இழைகளைக் கண்டு 1839-ல் எழுதியிருந்தார். அவை எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை. மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்கும் நார்த்திசு மின்சாரத்தைக் கடத்தாத ஒரு சுவர். அதைத் துளைத்துச் செல்லும் ஒரே தசைக்கற்றையை 1893-ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கண்டார். ஜப்பானிலிருந்து ஜெர்மனியில் உள்ள மார்பர்க் நகருக்குச் சென்ற சுனாவோ தவாரா, எண்ணற்ற மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, புர்க்கின்யே இழைகளும் ஹிஸ் கற்றையும் ஒரே பாதையின் பகுதிகள் என்றும், அந்தப் பாதை மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஒரு சிறு முடிச்சில் ஆரம்பிக்கிறது என்றும் 1906-ல் வெளியிட்டார். அந்த முடிச்சை நாம் இடைக் கணு என்று சொல்லலாம். அலை அதனூடே மிக மெதுவாகச் செல்வதால், வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் ஏற்படுகிறது. கீழறைகள் நிரம்புவதற்கு வேண்டிய அவகாசம் என்று மேலே குறித்தது இதுதான். கடந்தபின் அலை புர்க்கின்யே இழைகள் வழியே விரைந்து, கீழ்முனையை முதலில் எட்டிப் பிறகு மேல்நோக்கிப் பரவுகிறது.

ஊற்றுக்கண் மட்டும் எஞ்சியிருந்தது. இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில், ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று அறிஞரின் வீட்டில், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர் ஒரு கோடைக்காலத்தில் நுண்ணோக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கீத் தம் மனைவியுடன் சைக்கிளில் உலாவிவிட்டுத் திரும்பியபோது, அகழெலியின் இருதயத்தில், மேற்பெருஞ்சிரை வலமேலறையோடு கலக்கும் இடத்தில், தவாராவின் கணுவைப் போன்ற அமைப்பொன்று தென்படுவதை மாணவர் காட்டினார். மற்றப் பிராணிகளிலும் மனிதரிலும் அது அவ்விடத்திலேயே இருப்பதைச் சரிபார்த்து, இருவரும் 1907-ல் வெளியிட்டார்கள். மனிதரில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தத் தொடக்கக் கணுவிலேதான் ஒவ்வொரு துடிப்பும் பிறக்கிறது என்பதை, மின் அலை முதலில் தோன்றும் இடத்தை அளந்து, தாமஸ் லூயிஸ் 1910-ல் உறுதிப்படுத்தினார். அதற்கு வேண்டிய கருவி ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் ஐந்தோவன் அமைத்தது. அக்காலத்தில் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தித்தான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஐந்தோவன் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இருதயத்தைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் கூடத்தில், தொலைபேசிக் கம்பி வழியாகவே பதிவு செய்ததும் உண்டு. இன்றைய ஈ.சி.ஜி. தாளில் முதலில் தெரியும் சிறு மேடு மேலறைகளில் அலை பரவுவதையும், அதன்பின் வரும் சமநிலைக் கோடு இடைக் கணுவின் தாமதத்தையும், உயர்ந்தெழும் கூர்முனை கீழறைகளில் அலை பரவுவதையும் குறிக்கின்றன.

சரி, தொடக்கக் கணு மட்டும் எப்படித் தானாகத் துடிக்கிறது? சிவன் கோயிலில் லிங்கத்தின்மேல் தொங்கும் தாராபாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்துவாரத்தில் நீர் மெல்ல மெல்லக் கசிந்து திரண்டு, தன் கனம் தாங்காமற் போகும் கணத்தில் சொட்டென்று விழுகிறது. விழுந்த மாத்திரத்தில் அடுத்த துளி திரளத் தொடங்குகிறது. ‘விழு’ என்று ஒவ்வொரு துளிக்கும் யாரும் சொல்வதில்லை. எத்தனை நேரத்துக்கு ஒரு துளி என்பது கசிவின் வேகத்தைப் பொறுத்தது. தொடக்கக் கணுவின் செல்லில் கசிவது மின்னேற்றமுள்ள அணுக்கள். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 60 மில்லி வோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். மற்றத் தசைச் செல்கள் தம் ஓய்வு நிலையில் தூண்டுதலை எதிர்பார்த்துச் சும்மா இருக்க, இந்தச் செல்லின் சவ்வு மட்டும் சோடியம் அயனிகளை உள்ளே மெல்லக் கசியவிடுகிறது. வேற்றுமை சுமார் 40 மில்லி வோல்ட்டாகக் குறைந்ததும் கால்சியத்துக்குரிய வாயில்கள் திறந்துகொள்ள, மின் அலை கிளம்பி அண்டைச் செல்களுக்குப் பரவுகிறது, பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது, மறுபடியும் கசிவு. இடைக் கணுவுக்கும் கீழறையின் இழைகளுக்கும் கூட இந்தக் குணம் உண்டு. ஆனால் அவற்றில் கசிவு மந்தமானது; இடைக் கணு தன் போக்கில் நிமிஷத்துக்கு 40 முதல் 60, கீழறை இழைகள் 20 முதல் 40 தடவைதான் துடிக்கும். அவற்றின் முறை வருமுன்பே மேலிருந்து வேகமான அலை வந்து எட்டிவிடுவதால், எல்லாம் தொடக்கக் கணுவின் லயத்துக்கே கட்டுப்படுகின்றன.

அப்படியானால் இருதயத்துக்கு நரம்புகள் எதற்காக? துளியைச் சொட்டவைக்க அல்ல, துவாரத்தைச் சற்றே பெருக்கவும் சுருக்கவும். வேகஸ் நரம்பைத் தூண்டினால் துடிப்பு மந்தமாகும் என்பது 1845 முதல் தெரியும்; அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி காட்டினார். அந்தப் பரிசோதனை அவருக்கு இரவில் உறக்கத்தினிடையே தோன்றியதாம். குறித்து வைத்ததைக் காலையில் படிக்க முடியாமற் போகவே, மறுநாள் இரவு மீண்டும் தோன்றியபோது எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இருதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதிலிருந்த உப்புநீரை எடுத்து வேறோர் இருதயத்தில் விட்டார். நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாம் இருதயமும் மந்தமாயிற்று. நரம்பு தன் செய்தியை ஒரு ரசாயனப் பொருளின் மூலம் சொல்லுகிறது என்பது இதனால் தெரிந்தது. 1936-ல் நோபல் பரிசும் வந்தது. வேகஸ் அடக்குகிறது, பரிவு நரம்புகள் விரைவுபடுத்துகின்றன. ஓய்வாக இருக்கும் வேளையில் வேகஸின் கையே ஓங்கியிருக்கிறது என்பதற்கு மனிதரிலேயே சாட்சி உண்டு. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலாகச் செய்த இருதய மாற்றுச் சிகிச்சையில், நரம்புகள் அறுபட்ட நிலையில்தான் புதிய இருதயம் பொருத்தப்படுகிறது. அத்தகைய இருதயங்கள் ஓய்விலும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 110 தடவை துடிக்கின்றன. மாடிப்படி ஏறும்போது அவை உடனே விரைவதில்லை. ரத்தத்தில் அட்ரினலின் சேரச் சேர, சற்றுத் தாமதித்தே விரைகின்றன.

இந்த அறிவு நோயாளிக்குப் பயன்பட்ட கதையும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. இடைக் கணுவிலோ ஹிஸ் கற்றையிலோ பாதை அறுந்துவிட்டால் மேலிருந்து அலை கீழே வராது. கீழறைகள் தம் மந்த கதியிலேயே துடிக்க, மூளைக்கு ரத்தம் போதாமல் நோயாளி அடிக்கடி மயங்கி விழுவார். அப்படி அவதிப்பட்ட ஆர்னெ லார்சன் என்பவருக்கு, 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் ஓகெ சென்னிங் என்ற அறுவை நிபுணர், ரூனெ எல்ம்க்விஸ்ட் என்ற பொறியியல் அறிஞர் செய்த மின்கருவி ஒன்றை உடம்புக்குள் வைத்துத் தைத்தார். காலணிப் பாலிஷ் டப்பாவையே அச்சாகக் கொண்டு பிசினில் வார்க்கப்பட்ட அந்த முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரமே உழைத்தது. எனினும் அடுத்தடுத்து மாற்றி மொத்தம் 26 கருவிகளைக் கொண்டு லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

பாதை அறுவதைவிடக் கொடியது, லயமே சிதறிப்போவது. இருதயத் தமனி அடைபட்டுப் போகும் சமயங்களில், கீழறைச் செல்கள் பொதுவான அலைக்குக் கட்டுப்படாமல் ஆங்காங்கே தனித்தனியாகச் சுருங்கத் தொடங்கிவிடுவது உண்டு. அப்போது கீழறை சுருங்குவதில்லை, வெறுமனே உதறுகிறது. தசை உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் ஒரு துளி ரத்தமும் வெளியேறுவதில்லை. நாடி நின்று, மனிதர் சில வினாடிகளில் நினைவிழந்து விழுகிறார். சில நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. வைத்தியர்கள் மார்பின்மீது கொடுக்கும் மின் அதிர்ச்சி, உதறும் செல்களை எல்லாம் ஒரே கணத்தில் அடக்கி, தொடக்கக் கணு மறுபடியும் முந்திக்கொள்ளச் சந்தர்ப்பம் அளிக்கிறது. அந்தக் கருவி வந்து சேரும் வரையில் ரத்தத்தை ஓட்ட அருகில் நிற்பவரின் இரண்டு கைகளைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரியவர் ஒருவர் நினைவிழந்து, மூச்சு சரிவர இல்லாமல் கிடப்பதைக் கண்டால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கைமேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வீதம் அழுத்திக்கொண்டே இருங்கள், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு பழையபடி எழும்ப விடுங்கள், உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இதை முறையாகப் பழகுவதற்கு ஒரு பிற்பகல் போதும். வீட்டுக்கு ஒருவராவது பழகிக்கொள்ளுங்கள்.